பந்தலில் கொட்டிய மகரந்தம்

படித்தவன் ஒரு தப்பைச் செய்யும்போதே அதற்கான விளக்கத்தையும் தயார் செய்துகொள்கிறான். தப்பு சின்னதாகத்தான் இருக்கும். விளக்கம்தான் சுற்றியிருப்பவர்கள் தலையில் இடிந்து விழும். கல்லூரியில் காலமெல்லாம் வேதியியல் நடத்திவிட்டு, ஓய்வுபெற்று உத்திரமேரூர் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்த நான், என் மனைவியின் பூசணிப் பந்தலுக்குச் செய்தது இதுதான்.

அலமேலுவுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. எங்கள் மகளின் பிரசவம் சிக்கலானபோது, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு திரும்பினால் ஆடிதோறும் கூழ் வார்க்கிற அன்று எங்கள் தோட்டத்துப் பூசணிதான் குழம்பில் வேகும் என்று மாரியம்மனிடம் சொல்லிவைத்தாள். அம்மன் தன் பங்கை உடனே செய்துவிட்டாள். பூசணிதான் ஒத்துழைக்கவில்லை. கொடி படரும், பூக்கும், பிஞ்சு வெம்பி உதிரும். அந்த ஆடியில் சந்தையில் வாங்கிய காயைக் கோயிலில் இறக்கிவிட்டு வந்தவள் சாப்பிடவில்லை.

"கடக்காய போட்டா அது கடக்காரன் வேண்டுதல்தான். நம்மளுது அப்படியே நிக்குது" என்றாள்.

நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். (எங்கள் வீட்டில் இது அபாய அறிவிப்பு.) "மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை. வண்டு வரவேண்டும். வண்டு வரவேண்டுமானால் நம் மண்ணின் காட்டுப்பூ வேண்டும். ஆவாரை. விதையிலிருந்து நானே வளர்க்கப்போகிறேன்."

என் தம்பி மனைவி ராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா மாமா, ஏரிக்கர பூரா கேக்க ஆளில்லாம பூத்துக்கினு கீது. அத்தப் போயி வெத போட்டு வளக்கறேன்றீங்களே?"

"ஏரிக்கரை தூரம். வண்டு நம் பந்தலுக்கு வரவேண்டாமா?"

"பஸ் வுடுங்க மாமா."

அறிவியலின் பாதையில் ஏளனம் சகஜம் என்று நான் விதை பொறுக்கப் புறப்பட்டேன். ஆவாரை விதையின் தோல் கடினமானது. வெந்நீரில் ஊறவைக்க வேண்டும் என்று கைப்பேசியில் படித்தேன். ஊறவைப்பதில் என்ன பெருமை? அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டேன். (ஆய்வகப் பழக்கம். எதையும் சூடேற்றாமல் விடமாட்டோம்.) அலமேலு மூடியைத் திறந்து பார்த்து, "தாளிச்சிடவா?" என்று கேட்டாள்.

வெந்தது முளைக்கவில்லை. அடுத்த கைப்பிடி விதைக்கு உப்புத்தாள். ஒவ்வொன்றாக விரலில் பிடித்து, தோல் மங்கும்வரை தேய்த்தேன்.

"தேங்கா துருவிக் குடுங்கன்னா முதுகு வலி. கடுகாட்டம் கீறத தேய்க்க மட்டும் முதுகு நேரா கீதே" என்றாள் அலமேலு.

ஆனால் முளைத்தது! குழந்தை பிறந்த வீடுபோல் ஊருக்கெல்லாம் சொன்னேன். ஊர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டைப் பிடித்துக் கட்டச் சொன்னது. அடுத்த ஆடிக்குள் செடிகள் முழங்கால் உயரத்தைக்கூடத் தாண்டவில்லை. மறுபடியும் சந்தைக்காய். மறுபடியும் அலமேலு சாப்பிடவில்லை.

அதற்கடுத்த வருஷம் வேலியோரம் முழுக்க மஞ்சள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. பூவைக் கட்டிப் பிடித்து உலுக்கித்தான் மகரந்தத்தை எடுக்கவேண்டும். அந்த முரட்டு வேலைக்கென்றே பிறந்த பெரிய கறுப்பு வண்டுகள் வந்தன. நீலம் மின்னும் இறக்கை, மோட்டார் பம்பு போலச் சத்தம். ஆவாரையில் வேலையை முடித்துப் பூசணிப் பூவுக்கும் போய்வந்தன. பிஞ்சுகள் நின்றன, பருத்தன, சாம்பல் பூத்துத் தொங்கின. அலமேலு காலையில் எழுந்ததும் ஒவ்வொரு காயையும் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் தடவிவிட்டு வருவாள். கல்யாணமான புதிதில் என்னைப் பார்த்த மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது.

ஒருநாள் கூப்பிட்டாள். "ஏங்க, பந்தக்கால்ல இருந்து மாவாட்டம் இன்னாவோ கொட்டிக்கினு கீது."

கால் ஓரம் மஞ்சளாகச் சின்னச் சின்னக் குவியல். ஒரு சிட்டிகை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் பாடத்திட்டத்தில் இல்லை.

"மகரந்தம்" என்றேன்.

"இவ்ளோவா?"

"வண்டு உடம்பைத் தட்டிக்கொள்கிறது."

"மூங்கில்ல ஓட்ட கீதே?"

"மூங்கில் என்றாலே உள்ளே ஓட்டைதான்."

அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். "எதுக்கும் கூழுக்கு முன்ன புதுக்கால் மாத்திடலாம். பழசு. காய் வேற கனமா கீது."

"பந்தலை ஒருத்தரும் தொடக்கூடாது. வண்டு மிரண்டுவிடும்."

"சரி, படிச்சவரு சொல்றீங்க" என்று போய்விட்டாள். என் பட்டங்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வாளா என்று இன்றும் நினைக்கிறேன். ராணி வந்தபோது அந்தத் தூளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "உன் அவரைக்கொடியில் தூவு" என்று வேறு அனுப்பினேன்.

கூழ் வார்ப்பதற்கு முந்தின நாள் காலை. காய் ஏற்றிப்போகக் கோயில் பொறுப்பாளர் கோவிந்தசாமி வண்டியோடு வந்தார். ராணியும் அறுக்க வந்திருந்தாள். அலமேலு தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, அரிவாளோடு நின்றாள். முதல் காயை அவள் அறுப்பதற்கு முன் ஒரு சிற்றுரை அவசியம் என்று எனக்குத் தோன்றியது. ஆடிக்காற்று சுழற்றியடித்துக்கொண்டிருந்தது. பந்தலுக்கு வெளியே நின்று, காயின் எடையெல்லாம் வண்டின் உழைப்பு என்று விளக்கி, "பாருங்கள், எவ்வளவு உறுதியாக..." என்று வெளிவரிசையின் நடுக்காலை ஒரு தட்டுத் தட்டினேன்.

கால் அப்பளம்போல் நொறுங்கியது. அது விழுந்த இழுப்பில் அடுத்தது, அதற்கடுத்தது. கொடியும் கழியும் காயுமாக மொத்தப் பந்தலும் தரையில். காய்கள் வெடித்த சத்தம் வரிசையாகக் கேட்டது. மூங்கிலுக்குள்ளிருந்து வீடிழந்த வண்டுகள் புறப்பட்டன.

"ஓடாதீர்கள்! சாதுவான வண்டு! கொட்டா..."

மேலுதட்டில் கொட்டியது. விளக்கம் புறப்படும் இடத்தை அது சரியாகக் கண்டுபிடித்திருந்தது.

ரீங்காரம் அடங்கியபின் ராணி ஒரு மூங்கில் துண்டை எடுத்துப் பிளந்தாள். உள்ளே அறை அறையாக வண்டுகளின் குடித்தனம். அறைக்கு ஒரு மஞ்சள் உருண்டை. "மகரந்தம் உள்ள கீது மாமா. நீங்க என் அவரைக்குக் குடுத்தது மரத்தூளு."

ஒரு காய்கூட முழுசாக இல்லை. "உடைந்தால் என்ன, குழம்புக்கு எப்படியும் நறுக்கத்தானே போகிறோம்?" என்றேன், வீங்கிய உதட்டோடு. கோவிந்தசாமி தலையைச் சொறிந்தார்.

"சார், வெள்ளப் பூசணி தரையில உடைஞ்சா அது திஷ்டி கழிச்ச கணக்கு. அத்த எடுத்து ஆத்தா கொழம்புல போட்டேன்னா ஊரு என்னக் கழிச்சிடும்."

அலமேலு திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் அரிவாளை வேலியில் செருகிவிட்டு, வெடித்த காய்களின் நடுவில் உட்கார்ந்து விதைகளை மட்டும் வழித்து முறத்தில் போட ஆரம்பித்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அது என்ன தூள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டேன்."

"அத்த அன்னிக்கே சொல்லியிருந்தா கால மாத்தியிருப்பேன்" என்றாள், நிமிராமலே.

மறுநாள் மூன்றாம் முறையாகச் சந்தைக்காய் போனது. கூழ் வரிசையில் என் உதட்டைப் பார்த்தவர்களுக்கெல்லாம் ராணி காரணம் சொன்னாள். எனக்கு விளக்கமளிக்கும் சிரமம் முதன்முறையாக மிச்சமானது.

இந்த ஆடிக்குப் பந்தல் கல்கால்மேல் நின்றது. ஆவாரைப் பக்கத்தில் காய்ந்த மூங்கில்களைக் கட்டாகக் கட்டி நட்டிருப்பவள் அலமேலுதான். "ஒங்க சொந்தக்காரங்க அங்க இருக்கட்டும்" என்றாள். வண்டுகள் அதில் குடியேறின, காய்த்தது. வழித்துவைத்த விதையிலிருந்து வந்த அந்த முதல் காயை வண்டியில் ஏற்றவிடாமல் என் தலையிலேயே சுமந்துபோய்க் கோயிலில் இறக்கினேன். கோவிந்தசாமி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "முழுசாத்தான் கீதா சார்? இல்ல, இதுக்கும் எதுனா விளக்கம் கீதா?" அன்று அலமேலு இரண்டாம் முறை கூழ் வாங்கிக் குடித்தாள்.

போன வாரம் கதவு இழைக்கத் தச்சர் வந்திருந்தார். கூடமெங்கும் தூள். ஊரிலிருந்து வந்திருந்த மகள் துடைப்பத்தை எடுத்தாள். சமையலறையிலிருந்து அலமேலுவின் குரல் வந்தது: "பாத்துக் கூட்டும்மா, அப்பாவோட மகரந்தம்."

தச்சர் என்னைப் பார்த்தார். நான் கூட்டுவதற்கு வசதியாகக் காலைத் தூக்கிக்கொண்டேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.