தேய்ந்த புஷ்ஷும் என் ஞாயிற்றுக்கிழமையும்

அந்தச் சத்தத்தை உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுவது என்று முடிவெடுத்தேன். சிரிக்காதீர்கள். கோட்டையைக் காக்கக் கிளம்பியவன்கூட இவ்வளவு அழுத்தமாகப் பல்லைக் கடித்திருக்க மாட்டான்.

எங்கள் படுக்கையறையில் ஓர் ஏசி இருக்கிறது. வீட்டு ஓனர் விட்டுப்போனது. எங்கள் கல்யாணத்தைவிட எட்டு வயது மூத்தது. அதனால் மரியாதையாகத்தான் நடத்துவோம். போட்டதும் சமர்த்தாக இருக்கும். பத்து நிமிடம் கழித்து ஆரம்பிக்கும் பாருங்கள், கிர்ர்ர்... கடகட... கிர்ர்ர் என்று, கூழாங்கல்லை மிக்ஸியில் போட்டு அரைக்கிற மாதிரி.

மற்றவர்களுக்குத்தான் அது சத்தம். எனக்கு மதில் சுவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அதற்குள்ளே நான் ராஜா.

"ஏங்க, மாடியில துணி காஞ்சிருக்கும், எடுத்துட்டு வாங்களேன்."

"என்னது?"

"துணி! துணி!"

"ஏசி சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா!"

பெருமூச்சு விட்டுவிட்டு என் மனைவியே போய் எடுத்து வருவாள். பரண்மேல் இருக்கும் பெட்டி, ஒழுகும் குழாய், சித்தப்பாவுக்குப் போட வேண்டிய போன், எல்லாம் அந்த மதிலில் முட்டித் திரும்பிவிடும். ஒரே ஒரு தடவைதான் சறுக்கினேன். சமையலறையிலிருந்து, அதுவும் முணுமுணுப்பாக, "டீ ஆறுது" என்றாள். அடுத்த நொடி போய் நின்றேன். டம்ளரை நீட்டும்போது அவள் என் காதைப் பார்த்தாள். முகத்தை இல்லை, காதை. அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுவாரம் வாசலில் ஏணியோடு மெக்கானிக் நின்றார்.

மூடியைக் கழற்றி, விரலால் உருட்டிப் பார்த்தார். "பெருசா ஒண்ணுமில்ல மேடம். காத்தத் தள்ளுற உருளை இருக்குல்ல, அதோட ஒரு முனை இந்தச் சின்ன வளையத்துலதான் உக்காந்து சுத்தும். புஷ்ஷுன்னு சொல்லுவோம். உள்ள ரப்பர் தேஞ்சுபோச்சு. மாத்தினா சத்தமே இருக்காது."

சத்தமே இருக்காதாம்!

அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். நான் ஏணியைப் பிடிக்கிற சாக்கில் நெருங்கினேன்.

"அண்ணே, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"பதினாறு வருஷம் ஆச்சு சார்."

"அப்ப உங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. இந்தப் பார்ட் இப்பல்லாம் வர்றதில்லன்னு சொல்லிடுங்க."

அவர் புஷ்ஷைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டில் எது அதிகம் தேய்ந்திருக்கிறது என்று எடை போட்டார் போலிருக்கிறது. இரக்கம் வந்துவிட்டது.

"மேடம், இது ரொம்பப் பழைய மாடல். பார்ட்டு... வந்து... கிடைக்காது."

"ஐயோ, அப்படியா?" என்றாள் அவள். "சரி விடுங்க. இருந்துட்டுப் போகட்டும், பழகிடுச்சு."

இவ்வளவு சுலபமா! என் முதுகை நானே தட்டிக்கொள்ளப் பார்த்தேன். கை எட்டவில்லை.

அடுத்த ஞாயிறு. காலையில் முடிவெட்டப் போய், கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்த அலுப்பு. குளித்தேன், சாப்பிட்டேன், சாய்ந்தேன். அவளே வந்து ஏசியைப் போட்டுவிட்டுப் போனாள். என்ன கரிசனம்! சத்தம் கிளம்புவதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

"ஏங்க, பரண்மேல இருக்கிற அந்தப் பெட்டிய இறக்கித் தர்றீங்களா?"

நான் கண்ணைத் திறக்கவில்லை. வாய்தான் பழக்கத்தில் தானாகத் திறந்தது.

"என்னது? இந்த ஏசி சத்தத்துல ஒண்ணுமே கேக்கலம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சுவர்க் கடிகாரம் டிக், டிக் என்றது. எதிர்வீட்டில் யாரோ இருமினார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு சைக்கிள் மணி. எனக்கு எல்லாமே கேட்டது, ஏசியைத் தவிர. அது பாட்டுக்கு ஜில்லென்று, பூனை மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

மெல்ல ஒரு கண்ணைத் திறந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்தச் சத்தத்துலங்க?"

"எப்ப மாத்தினே?"

"காலையில. நீங்க முடிவெட்டப் போனப்ப."

"பார்ட் கிடைக்காதுன்னாரே அந்த மனுஷன்!"

"என்கிட்ட கிடைக்காதுன்னு சொல்லிட்டு, சரியாச் சொன்னேனான்னு உங்க மூஞ்சியப் பாத்தாரு. நீங்களும் தலையாட்டினீங்க."

பெட்டியை இறக்கினேன். துணியை எடுத்து வந்தேன். குழாயை இறுக்கினேன். சித்தப்பாவுக்குப் போன் போட்டேன், அவர் பயந்துபோய், "வீட்டுல எல்லாரும் நல்லாத்தானேப்பா இருக்கீங்க?" என்றார்.

திரும்பி வந்தால் இரண்டு டம்ளர் டீ. "துணிக்கும் பெட்டிக்குமா மாத்தினேன்?" என்றாள். "ரெண்டு வருஷமா இந்த ரூம்ல நாம ஒரு வார்த்தை பேசிக்கல. கத்திக்கிட்டுதான் இருந்தோம். இனிமேலாவது பேசலாம்னுதான்."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. இப்படிப்பட்டவளிடமா மதில் கட்டினேன்? பேச ஆரம்பித்தேன். மானேஜர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டே ஆபீஸ் முழுக்கத் தேடிய கதை. அதிலிருந்து பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் நான் மூன்றாவதாக வந்தது. ஓடியது நான்கு பேர். அப்படியே நாங்கள் ஒருநாள் வாங்கப்போகும் வீடு, அதில் எந்தச் சுவரில் எந்தப் படம் என்பது வரை. என்னிடம் இவ்வளவு பேச்சு சேர்ந்துகிடந்தது எனக்கே தெரியாது. அவளும் "ம்... ம்..." என்று கேட்டாள். ஜன்னலில் வெயில் தாழ்ந்தது. "ம்" கொஞ்சம் இடைவெளி விட்டு வந்தது. பிறகு நின்றே போனது.

பந்தயத்தை இரண்டாம் தடவை சொல்லத் தொடங்கியபோது அவள் எழுந்துபோய், மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்தாள். உள்ளே அந்தத் தேய்ந்த புஷ்.

"ஏங்க, மெக்கானிக்கக் கூப்பிட்டா, இதையே திரும்ப மாட்டித் தருவாரா?"