மருமகள் மண் தின்றது பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

விருத்தாசலம்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய பெண்ணாடம் சம்பந்தி பச்சமுத்து அவர்களுக்கும் சம்பந்தியம்மாள் ஆண்டாள் அவர்களுக்கும், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் பழமலைநாதன் இரு கைகளையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி வீரம்மாள், மகன் கோகுலகிருஷ்ணன், உங்கள் மகளும் எங்கள் மருமகளுமான இளமதி, அவள் வயிற்றில் ஐந்து மாதமாக வளரும் நம் பேரப்பிள்ளை ஆகிய அனைவரும் சௌக்கியம். அங்கே உங்கள் உடம்பும் சம்பந்தியம்மாளின் முழங்காலும் எப்படி இருக்கின்றன? கரும்பை வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டதா? வந்திருந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் அந்தக் கோபத்தையும் சேர்த்து என்மேல் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. சம்பந்தியம்மாள் ஒருமுறை எடுத்தார்கள். எடுத்தவுடன், "எம் பொண்ணுக்குச் சோறு போட வக்கில்லன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே சம்மந்தி! மண்ணத் திங்க வுட்டுட்டீங்களே! வெள்ளிக்கிழம கார எடுத்துக்கினு வரோம், எங்க புள்ளய நாங்க அழச்சிக்கினு போறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். "அது எந்த வகை மண் என்றால் அம்மா..." என்று நான் ஆரம்பித்தது அவர்கள் காதில் விழவில்லை. வளைகாப்பு முடிந்து அழைத்துப்போவதுதானே முறை? ஐந்தாம் மாதமே கார் வந்து பெண்ணை ஏற்றிக்கொண்டு போனால், பழமலைநாதன் வீட்டில் உலை வைப்பதில்லை என்று தெருவே முடிவு கட்டிவிடும். ஆகவே காரை எடுக்குமுன் இந்தக் கடிதத்தை முழுதும் படித்துவிடுங்கள்.

உங்கள் காதுக்கு வந்த செய்தியில் பாதி உண்மை. இளமதி மண் தின்றாள். சோறும் தின்றாள். செய்தி கொண்டுவந்தவர்கள் இரண்டாவதை விட்டுவிட்டார்கள்.

விஷயம் ஆரம்பித்தது இப்படி. எங்கள் தெருக்கோடியில் உள்ள பள்ளிக்கூடத்தில், நம் காலடியில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். கல், கனிமம், மண் மூன்றும் வேண்டும், நீங்கள்தான் சேர்த்துத் தரவேண்டும் சார் என்று தலைமையாசிரியை கேட்டார். கேட்டால் சும்மா இருப்பேனா? முதலில் கல் சேர்த்தேன். எல்லாக் கல்லும் ஒன்றுதானே என்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த சர்க்கரையை வைத்தே சொல்கிறேன். கொதிக்கும் பாகைக் குளிர்ந்த தட்டில் கொட்டினால் மழமழவென்று உறைந்துவிடும், உள்ளே ஒரு மணி தெரியாது. அதே பாகில் ஒரு நூலைத் தொங்கவிட்டு மெதுவாக ஆறவிட்டால் கல்கண்டு கட்டிகட்டியாக வளரும். பூமிக்குள் இருக்கும் தீக்குழம்பும் அப்படியே. வெளியே வந்து சட்டென்று ஆறினால் மணி தெரியாத கறுத்த கல்லாகிறது. ஆழத்தில் நிதானமாக ஆறினால் மணிமணியாகத் தெரியும் கருங்கல்லாகிறது. அந்த மணிகளில் ஒன்றுக்கு ஃபெல்ட்ஸ்பார் என்று பெயர். மழையும் காற்றும் பட்டு அது நைந்து நைந்து வெள்ளைக் களிமண்ணாகிறது. அதைத்தான் எங்கள் ஊர்ச் சூளைகளில் பீங்கானாகச் சுடுகிறார்கள். போனமுறை நீங்கள் எங்கள் வீட்டில் டீ குடித்த வெள்ளைக் கோப்பை ஒரு காலத்தில் ஏதோ ஒரு மலையில் இருந்தது சம்பந்தி! அன்றைக்கே சொல்லியிருப்பேன், நீங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

அடுத்து மண். கருவேப்பிலங்குறிச்சிக் கரிசல், நல்லூர்ப் பக்கத்துச் செம்மண், சூளை வைத்திருக்கும் என் பழைய மாணவர் கொடுத்த வெள்ளைக் களிமண், எங்கள் ஏரிக் களி, உங்கள் கரும்புத் தோட்டத்தில் நீங்களே பை நிறைய அள்ளிக் கொடுத்த வெள்ளாற்று வண்டல் எல்லாவற்றையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டுப் பெயர் ஒட்டி அலமாரியில் வரிசையாக வைத்தேன். பார்க்க நகைக்கடை மாதிரி இருந்தது. சில நாளில் செம்மண் பாட்டிலில் அளவு குறைந்தது. பிறகு வெள்ளைக் களிமண்ணும் இறங்கியது. வேறொருவராக இருந்தால் பதறியிருப்பார். நான் அன்று எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது காரணத்தை விளக்கினேன். ஓர் அண்டா நிறையத் தேங்காய் அடுக்குங்கள், நடுநடுவே சந்து இருக்கும், அதில் கடுகைக் கொட்டினால் கடுகு சந்துக்குள் போய்விடும், அண்டாவின் உயரம் கூடாது. மண்ணும் அப்படித்தான், பெரிய மணிகளின் சந்தில் பொடி மண் இறங்கி உட்காருகிறது, போதாததற்குக் களிமண் காயக் காயச் சுருங்கும், அதனால்தான் கோடையில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது என்று நன்றாக உடைத்துச் சொன்னேன். இளமதி வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாமல் எவ்வளவு அடக்கமாகக் கேட்கிறாள், பச்சமுத்து வளர்ப்பென்றால் வளர்ப்புதான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வாயில் மண் இருந்தபடியால் பேசவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

வீரம்மாள்தான் குறுக்கே பேசினாள். "ஏங்க, மண்ணு சுருங்குதுன்னே வச்சிக்குவோம். பாட்டிலு மூடி எப்புடிங்க தானாத் தொறந்துக்கினு கெடக்குது?" என்றாள். காற்றழுத்தம் என்றேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பாட்டில்களின் பெயர்ச்சீட்டுகள் உதிர்ந்துவிட்டன. ஒன்று வெள்ளாற்று வண்டல், இன்னொன்று ஏரிக் களி. இரண்டும் காய்ந்து பொடிந்து ஒரே சாம்பல் நிறம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த இளமதி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எடது கையில இருக்குறது வண்டலு மாமா. அது பல்லுல நறநறங்கும். இன்னொண்ணு களி, வெண்ண மாதிரி வழுவழுன்னு போவும்" என்றாள். சம்பந்தி, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மண்ணியல் படித்தவர்கள் வயல்காட்டில் நின்று செய்து பார்க்கும் சோதனையல்லவா அது! வண்டல் துகள் விரலை ஏமாற்றிவிடும், பல்லை ஏமாற்ற முடியாது. களித் துகள் அதைவிடப் பொடிசு, பல்லையும் ஏமாற்றிவிடும். எத்தனையோ பிள்ளைகளிடம் மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன், மூக்கைச் சுளிப்பார்கள். பி.காம். படித்த உங்கள் பெண் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். நான் கைதட்டி, "வீரம்மா, ஓடி வா! மருமவ சொல்றதக் கேளு!" என்று கூப்பிட்டேன். அவள் கரண்டியோடு வந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, இளமதியைப் பார்த்தாள்.

"ஏம்மா, அது பல்லுல நறநறங்கும்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?"

இளமதி கையில் இருந்த துண்டை மறுபடியும் பிரித்து மறுபடியும் மடித்தாள். நான் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

"எத்தினி நாளா?"

"ரொம்ப இல்ல அத்த. புது மழ பேஞ்சா ஒரு வாசன வருமில்ல, அந்த வாசன பாட்டிலத் தொறந்தா வருது. நாக்கு கேக்குது, நான் என்னா பண்றது?"

"நாக்கு மாங்கா கேக்கும், புளி கேக்கும். இந்த மனுசன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வச்சதயா கேக்கும்?"

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், உங்கள் தோட்டத்து வெள்ளாற்று வண்டல் எப்படியம்மா இருந்தது என்று. "அது மட்டும் வேணாம் மாமா, ஒரு வாயிக்கு மேல முடியல" என்றாள். இந்த ஒரு வரியைச் சம்பந்தியம்மாளுக்குப் படித்துக்காட்ட வேண்டாம்.

இந்த நேரம் பார்த்து வாசலில் எதிர்வீட்டு நீலாவதி, தயிருக்கு உறைமோர் வாங்கக் கிண்ணத்தோடு நின்றிருக்கிறார். நல்ல பெண்மணி, உதவிக்கு முதலில் ஓடிவருபவர், ஆனால் எதையும் பாதியில்தான் கேட்பார், முழுதாகத்தான் சொல்வார். அவர் தங்கையை உங்கள் ஊரில்தான் கொடுத்திருக்கிறது. மறுநாள் காலை அங்கே காதுகுத்து. இங்கே பஸ் ஏறும்போது, மருமகள் மண் தின்றாள் என்றிருந்த செய்தி, அங்கே இறங்கும்போது, சோறு இல்லாமல் மண் தின்றாள் என்று ஆகியிருக்கிறது. வெள்ளாற்றில் உருண்டுவரும் கூழாங்கல்லுக்கு மூலை மழுங்கும். நீலாவதியிடம் கிடைத்த செய்திக்கு மூலை முளைக்கும்.

திங்கட்கிழமை காலையில் இளமதியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனோம். நர்ஸ் அன்பரசி கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். "ரத்தம் கொறச்சலா இருக்குது. இப்புடி இருந்தா சில பேருக்கு மண்ணு, சாம்பலு, சாக்பீசுன்னு ஆச வரும். தப்பா நெனைக்காதீங்க, வையாதீங்க. ஆனா இன்னியோட நிறுத்தணும். மண்ணுல புழு முட்ட இருக்கும், என்னென்னமோ இருக்கும்" என்றார். நான் உடனே, "அப்படியென்றால் பாருங்கள், செம்மண் ஏன் சிவப்பு? அதில் இரும்பு துருப்பிடித்து இருக்கிறது. உடம்பில் இரும்பு குறைந்ததும் எங்கள் மருமகள் நேராகச் செம்மண் பாட்டிலைத் திறந்திருக்கிறாள். எவ்வளவு சரியான பாட்டில்!" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தாமல், "சார், அந்த இரும்பு ஒடம்புல ஒட்டாது. வெள்ள மண்ணு, களியெல்லாம் சாப்புட்ற சத்தையும் சேத்து இழுத்துக்கும். மாத்தர குடுக்குறன், அதப் போடுங்க" என்றார். சரிதான் என்று ஒத்துக்கொண்டேன். ஆனாலும் பாட்டில் சரியான பாட்டில்தான்.

சோறு பற்றிச் சொல்கிறேன். காலையில் இட்லி, பதினோரு மணிக்குப் பேரீச்சம்பழமும் சாத்துக்குடிச் சாறும், மத்தியானம் முருங்கைக்கீரை, சாயங்காலம் கம்பு உருண்டை, கேட்டால் கேட்டது. ஒவ்வொன்றையும் வீரம்மாள் தட்டில் வைக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, அதில் உள்ள இரும்பு எந்தப் பாறையிலிருந்து எந்த மண்ணுக்கு வந்து எப்படி வேர் வழியாக ஏறியது என்று சொல்வேன். விவரம் தெரிந்து சாப்பிட்டால் உடம்பில் நன்றாக ஒட்டும் என்பது என் எண்ணம். நேற்று அவள் சோற்றில் ஒரு கல் கடிபட்டது. வீரம்மாள் முகம் சுருங்கிவிட்டது. நான் அந்தக் கல்லை வாங்கிக் கழுவி, நீங்கள் சீராகக் கொடுத்த எவர்சில்வர் தட்டில் அழுத்தி ஒரு கோடு இழுத்தேன். கோடு விழுந்தது! எஃகையே கீறுகிறது என்றால் குவார்ட்ஸாகத்தான் இருக்க வேண்டும். வெறும் சாப்பாட்டில் இப்படியொரு பாடம் எந்த வீட்டில் கிடைக்கும் சொல்லுங்கள். தட்டு நன்றாகத்தான் இருக்கிறது, கோடு ஓரமாகத்தான் இருக்கிறது.

ஆகவே சம்பந்தி, உங்கள் பெண் இங்கே பசியோடு இல்லை. மண் பாட்டில்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டன. மாத்திரையை நானே எண்ணிக் கையில் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை தாராளமாக வாருங்கள், விருந்து சாப்பிடுங்கள், பெண்ணின் முகத்தைப் பாருங்கள், காரை மட்டும் வெறுமையாகத் திருப்பிக்கொண்டு போங்கள். அவளைப்போல ஒரு மருமகள் இந்தத் தெருவில் யாருக்கும் வாய்க்கவில்லை. வளைகாப்பு வரைக்கும் அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு என் மானம் ஒரு காரணம், அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் நான் பேசுவதைக் கேட்க ஆள் இல்லை என்பது இன்னொரு காரணம்.

பேரப்பிள்ளை குறையில்லாமல் பிறந்து, நம் இரண்டு ஊர் மண்ணிலும் தவழ வேண்டும். வாயில் வைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தையும், முழங்காலுக்கு என் அனுதாபத்தையும் சொல்லவும்.

என்றும் உங்கள் உறவில் பெருமை கொள்ளும்,
பழமலைநாதன்

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது இளமதி வந்து, "குடுங்க மாமா, தபாலு போய்ச் சேர நாளாவும், நானே எடுத்துக்கினு போறன்" என்றாள். எங்கே போகிறாய் என்றேன். "அம்மா வூட்டுக்குதான். வெள்ளிக்கெழம வரைக்கும் எதுக்குக் காரு? கொஞ்ச நாளு அங்க சோத்த சோறாத் தின்னுட்டு வரேன் மாமா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டாள். வாசலில் ஆட்டோ நிற்கிறது. துணைக்கு வீரம்மாளும் ஏறிவிட்டாள். துணைக்குப் போகிறவள் அவ்வளவு புடவை எடுத்து வைத்திருப்பது ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை. இரண்டு பேருக்கும் வேளாவேளைக்குச் சாப்பாடு போடுங்கள். குழம்பில் போடுகிற உப்பும் ஒரு கனிமம்தான். நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.