பதினேழாம் எண் பெஞ்ச்

அகற்றப்பட வேண்டியவற்றின் பட்டியலில் பதினேழாவது வரியில் அப்பாவின் பெஞ்ச் இருந்தது.

பெஞ்ச் ஒன்றும் அப்பாவின் சொத்து இல்லை. மாநகராட்சி போட்ட சிமென்ட் பெஞ்ச். ஒரு கால் மண்ணுக்குள் இறங்கி இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதைப் பதித்த ஒப்பந்தக்காரர் என்ன யோசனையில் இருந்தாரோ, கடலுக்கு முதுகைக் காட்டி, எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதில்தான் அப்பா தினமும் மாலை நாலு மணிக்குப் போய் உட்காருவார். ஏழரைக்கு எழுந்து வருவார். மழை பெய்தால் குடையோடு உட்கார்ந்திருப்பார்.

பட்டியலைத் தயார் செய்தவர் அவருடைய மகன்தான். மாநகராட்சியின் கடற்கரைப் பிரிவில் எழுத்தர். பத்தொன்பது வருஷமாகக் கோப்பு எழுதி எழுதி, வாயைத் திறந்தாலே 'மேற்படி' என்று வந்துவிடும். 'மேற்படி சட்டைக்கு இஸ்திரி போட்டாச்சா?' என்று வீட்டில் ஒருநாள் கேட்டுவைத்தார். அதை மனைவி யாரிடமோ சொல்லிச் சிரிக்க, அது ஊர் சுற்றி அலுவலகம் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவர் மேற்படியார்.

இன்னும் நாலு மாதத்தில் இருபத்திரண்டு நாட்டு வீரர்கள் வந்து கலந்துகொள்ளும் விளையாட்டுப் போட்டி. அதற்குள் கடற்கரையைப் புதிதாக்கிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. புதிதாக்குவது என்றால் இருப்பதையெல்லாம் முதலில் எடுத்துவிடுவது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்பதற்கு வேறு பிரிவு இருக்கிறது. அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

மேற்படியாருக்குப் பதினேழாவது வரியைத் தாண்ட மனம் வரவில்லை. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்த மனிதர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. அம்மா போனபிறகு பேச்சும் குறைந்துவிட்டது. எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்பார், அத்தோடு சரி. அவருக்கென்று உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு கோணல் பெஞ்ச்தான், அதையும் பெற்ற பிள்ளையே பட்டியல் போட்டுப் பிடுங்குவதா என்று மேற்படியாருக்குத் தோன்றியது.

பட்டியலின் கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி உண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளுக்கும் அதில் 'அகற்றவும்' என்றே போட்டிருந்தார். பதினேழில் மட்டும் அதை அழித்துவிட்டு, 'முக்கியத்துவம் வாய்ந்தது. அகற்ற வேண்டாம்' என்று அடித்தார். குறிப்புப் பத்தியை எந்த அதிகாரியும் படித்ததாகப் பத்தொன்பது வருஷத்தில் அவர் கேள்விப்பட்டதில்லை.

இந்த முறை படித்துவிட்டார்கள். போட்டி பயத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்த காலம் அது. மறுநாள் காலை பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். பதினேழாவது வரியில் அவருடைய பேனா நின்றிருந்தது.

"இதுல அப்படி என்னய்யா முக்கியத்துவம்?"

அப்பா உட்காருகிற இடம் என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அதிகபட்சம் நாலு திட்டு விழுந்திருக்கும். ஆனால் பத்தொன்பது வருஷ அலுவலக வாய், அதற்கு உள்ளது சட்டென்று வராது.

"அந்தக் காலத்துல ஒரு ஓட்டப்பந்தய வீரர் இருந்தாராம் சார். தினமும் பயிற்சி முடிஞ்சதும் அந்த பெஞ்ச்லதான் உட்காருவாராம்."

பொறியாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, 'உண்மையாயின் பரிசீலிக்கலாம்' என்று எழுதி ஆணையருக்கு அனுப்பிவிட்டார். யார் தலையிலாவது கட்டிவிட்டால் தன் மேஜை காலி என்பது அவருடைய வழக்கம்.

ஆணையர் அம்மாவோ அப்போது நொந்து போயிருந்தார். கடற்கரைக்கு மரங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன, விளக்குக் கம்பங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன, கடைசியில் கைப்பந்து ஆடுகளத்துக்கு மணலும் வேறெங்கிருந்தோ கப்பலில் வந்து இறங்கியது. கடற்கரைக்கு மணல் வாங்கிய ஊர் என்று பத்திரிகைகள் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து, உள்ளூர் வீரர் உட்கார்ந்த உள்ளூர் பெஞ்ச் ஒன்று கோப்பில் வந்து விழுந்தால் விடுவாரா? 'மிக அருமை. உடனே பாதுகாக்கவும்' என்று பச்சை மையில் எழுதிவிட்டார்.

அன்று மேற்படியார் சீக்கிரமே வீட்டுக்குப் போய், பெஞ்ச் தப்பியது என்று அப்பாவிடம் சொன்னார். எப்படித் தப்பியது என்பதைச் சொல்லவில்லை. அப்பா "சரிப்பா" என்றார். இதற்கு இன்னும் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருக்கலாம் என்று மேற்படியாருக்கு உள்ளுக்குள் ஒரு குறை.

பத்தே நாளில் பாதுகாத்துவிட்டார்கள். பெஞ்சுக்கு அடியில் கல் மேடை, மேடையைச் சுற்றி நாலு எஃகுத் தூண், தூணுக்குத் தூண் சங்கிலி, கீழிருந்து மேலே அடிக்கும் நீல விளக்கு. ஓட்டப்பந்தய வீரர் பஸ் நிறுத்தத்தையா பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று ஒரு வல்லுநர் கேட்க, கிரேன் வைத்துத் தூக்கிப் பெஞ்சைக் கடல் பக்கம் திருப்பினார்கள். கோணலையும் சரி செய்தார்கள். யாரும் உட்கார்ந்து கெடுத்துவிடக் கூடாது என்று ஒரு காவலாளியையும் போட்டார்கள்.

அன்றைக்கு அப்பா நாலரைக்கே வீடு திரும்பினார். ஹாலில் வந்து நின்றார். அந்த ஹாலில் பாதியை மூன்று பேர் உட்காரும் சோபா அடைத்துக்கொண்டிருந்தது. மருமகளின் அண்ணன் குடும்பம் வெளிநாட்டிலிருந்து வந்தபோது அவசர அவசரமாக வாங்கியது. அவர்கள் வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். சோபாவின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. அழுக்காகிவிடுமாம்.

"என்ன மாமா, இவ்வளவு சீக்கிரம்?" என்று மருமகள் கேட்டாள்.

"சங்கிலி போட்டிருக்காங்கம்மா."

சோபாவில் உட்காரும்படி அவள் சொன்னாள். அப்பா விளிம்பில் உட்கார்ந்தார். உறை சடசடவென்று சத்தம் போட்டது. மெல்ல வழுக்கிக்கொண்டே வந்து, கீழே விழுவதற்குள் எழுந்துவிட்டார். பிறகு தன் அறைக்குள் போய்விட்டார். கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காத அறை அது. உள்ளே போனால் படுக்கலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது.

மேற்படியாருக்குத் தாங்கவில்லை. தன் கையாலேயே அப்பாவின் இடத்துக்குச் சங்கிலி போட்டுவிட்டோமே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அனுமதி அட்டைப் பிரிவுக்குப் போய் ஒரு படிவம் வாங்கிவந்தார். சங்கிலியைத் தாண்ட நாலு வகையினருக்குத்தான் அனுமதி: போட்டியாளர், பத்திரிகையாளர், தன்னார்வலர், வீரரின் குடும்பத்தார். அப்பாவால் முதல் மூன்றும் ஆகாது. மேற்படியார் கண்ணை மூடிக்கொண்டு நாலாவது கட்டத்தில் குறி போட்டார். உறவுமுறை என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதினார்.

படிவத்துக்கு அப்பாவின் பழைய அடையாள அட்டை வேண்டியிருந்தது. அது பரணில், இரும்புப் பெட்டியில் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறியவரின் நெற்றியில், பரணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பிரம்பு நாற்காலியின் கால் ணங்கென்று இடித்தது. "சனியன், இத ஒருநாள் தூக்கிப் போடணும்" என்று திட்டிக்கொண்டே அதை இன்னும் உள்ளே தள்ளிவிட்டு, பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தார். நெற்றியில் புடைத்தது வடிய ஒரு வாரம் ஆயிற்று.

அப்பா மறுபடியும் பெஞ்சுக்குப் போக ஆரம்பித்தார். கழுத்தில் பட்டை நாடாவில் அனுமதி அட்டை, கீழிருந்து நீல வெளிச்சம். வருகிறவர்கள் எல்லாம் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பாவம், வெட்டப் போகிற ஆட்டுக்கு மாலை போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆனாலும் உட்கார்ந்திருந்தார். மேற்படியாருக்கு அது போதும்.

அது ஆணையர் அம்மாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? வீரரின் தம்பி உயிரோடு இருக்கிறார், தினமும் வந்து அண்ணன் உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெஞ்சுக்கு வைக்கப்போகும் பெயர்ப்பலகையை அவர் கையாலேயே திறக்கச் சொல்ல வேண்டும், அவர் நாலு வார்த்தை பேச வேண்டும், ஏற்பாடு செய்ய வேண்டியது மேற்படியார் என்று உத்தரவு வந்தது.

குட்டு வெளிப்பட்டால் மேற்படியாரின் வேலை போகும். சாயங்காலம் அப்பாவின் அறை வாசலில், முழுசாகத் திறக்காத கதவில் பாதி உடம்பை நுழைத்து நின்றபடி, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இல்லாத வீரர், எழுதிக்கொடுத்த பொய், இவர் தம்பியானது, எல்லாவற்றையும்.

"உங்களுக்காகத்தான்ப்பா செஞ்சேன். நீங்க அங்க உட்காரணும்னுதான்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது.

"நான் என்னப்பா பேசணும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஓடினாரு, உட்கார்ந்தாருன்னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்ப்பா."

"ஓடினத நான் பார்க்கலையே."

"அப்பா..."

"சரிப்பா."

விழாவுக்கு நல்ல கூட்டம். அப்பா கயிற்றை இழுத்துப் பலகையைத் திறந்தார். ஒலிபெருக்கியை அவர் முன்னால் நீட்டினார்கள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஒரு பயணிக்கும் சீட்டு கொடுக்காமல் விட்டதில்லை. மேற்படியார் மேடைக்குப் பின்னால், ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவரு ஓடி நான் பார்த்ததில்ல. உட்கார்ந்துதான் பார்த்திருக்கேன். உட்கார வேற இடம் இல்லாமத்தான் அவரு இங்க வந்தாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

கைதட்டல் ஓயவே இல்லை. ஏழ்மையில் வளர்ந்த வீரர் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆணையர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை வாங்கினார். இப்பேர்ப்பட்ட பொக்கிஷத்தை உப்புக் காற்றில் விட்டுவைப்பது பாவம் என்றார். நாளைக்கே இதை விளையாட்டரங்கத்தின் வாசலுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள் வைக்கப் போவதாக அறிவித்தார். மறுபடியும் கைதட்டல். மேற்படியார் பிடித்திருந்த தூணோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை கிரேன் வந்து பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. அன்று மதியமே மேற்படியார் ஒரு கோரிக்கை எழுதினார்: மேற்படி இடத்தில் மேற்படி பெஞ்சுக்குப் பதிலாக வேறொரு பெஞ்ச் அமைப்பது பற்றி. இதுவும் எங்கே போய் முடியுமோ என்ற பயம். ஆனால் வேறு வழி தெரியவில்லை. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். பெஞ்ச் இல்லை என்று தெரிந்தும் அப்பா வழக்கம்போல நாலு மணிக்குக் கிளம்பிவிட்டார் என்று மனைவி போனில் சொல்லியிருந்தாள்.

நாலு தூணும் சங்கிலியும் அப்படியே இருந்தன. நடுவில் வெறும் கல் மேடை. பட்டப்பகலில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காவலாளியும் நின்றுகொண்டிருந்தார். பெஞ்சை எடுக்க உத்தரவு வந்தது, காவலை எடுக்க இன்னும் வரவில்லையாம்.

காவலாளிக்கென்று கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில், கடலுக்கு முதுகைக் காட்டி, அப்பா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் அட்டை. வாய் லேசாகத் திறந்திருந்தது. மேற்படியாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுப்பவும் மனமில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை.

காவலாளிக்கு மேற்படியார் இன்னார் என்று தெரியாது. தான் நின்றுகொண்டு நாற்காலியைப் பெரியவருக்குக் கொடுத்ததற்கு யாரோ அதிகாரி கேள்வி கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, கொஞ்சம் விறைப்பாகவே நின்றார்.

"பெஞ்ச் போனதுல பெரியவருக்கு ரொம்ப வருத்தமா?" என்று மேற்படியார் தாழ்ந்த குரலில் கேட்டார்.

காவலாளி தூங்குகிறவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பெஞ்சுக்கு எதுக்கு சார் வருத்தப்படுறாரு? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்கன்னு மகன் இவரோட பிரம்பு நாற்காலியத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாராம். அது இறங்குற வரைக்கும் எங்கயாவது உட்காரணுமேன்னுதான் இங்க வந்துக்கிட்டிருக்காரு."