அஞ்சு நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு

எம்.கே.பி. நகர்,
வியாசர்பாடி.
10.2.2003

அன்புள்ள மருமகன் வல்லரசுக்கு,

மாமன் சுப்பராயன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அத்தை பச்சையம்மா சுகம், என் பொண்ணு கார்குழலி சுகம். கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. பெங்களூரில் நீயும், ஆபீஸில் நீ தினமும் கட்டிக்கொண்டு அழும் கம்ப்யூட்டரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் அம்மாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, முழங்கால் வலி இப்போது தேவலையா என்று கேட்டு எழுதவும். இதையெல்லாம் ஈமெயிலில் கேட்டிருப்பேன். இந்த வீட்டிலிருந்து ஈமெயில் போகும் என்றால் இப்படி நோட்டுத் தாளைக் கிழித்து எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. நலம் விசாரித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கலுக்கு வந்தாய். வந்தவன் மீன் குழம்பு சாப்பிட்டோமா, டிவி பார்த்தோமா, ரயில் ஏறினோமா என்று இருந்திருக்கலாம். கையைக் கழுவின ஈரத்தோடு நேரே போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய். "இன்னா மாமா, இன்னுமா அஞ்சுல கீறீங்க? ஊரே ஆறுக்குப் பூட்ச்சு" என்று சிரித்தாய். நான் தினமும் இன்டர்நெட் பார்க்கிற பிரவுசருக்கு அஞ்சாம் வெர்ஷன் என்று ஒரு பெயர் இருப்பதும், அது கேவலம் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும். பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து உள்ளே தள்ளினாய். "ஒரே நிமிசம் மாமா" என்றாய். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை வல்லரசு. நீலக் கோடு தொண்ணூற்றேழில் நிற்கும்போதே, "டிரெயினுக்கு லேட்டாவுது, அதுவா முடிஞ்சிரும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். பாதி லோடைக் கொக்கியில் தொங்கவிட்டு எவனாவது டீ குடிக்கப் போனால் எங்கள் ஹார்பரில் அன்றைக்கே சஸ்பெண்ட். உன்னை சஸ்பெண்ட் பண்ண எனக்கு அதிகாரம் இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் காலையில் இன்டர்நெட்டில் பேப்பர் படிக்கலாம் என்று திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கிறது. தலைப்பு ஒரு கட்டம், செய்தி நூறு கட்டம், செத்தது யார் பிழைத்தது யார் ஒன்றும் தெரியவில்லை. மேலே மூன்று வரிசை பட்டன் புதிதாக முளைத்திருக்கிறது, படிக்கிற இடம் கதவு இடுக்கு மாதிரி கொஞ்சூண்டுதான் தெரிகிறது. அது போதாதென்று, வைரஸ் பிடிக்கிற சாஃப்ட்வேருக்கும் இந்த ஆறுக்கும் ஆகவில்லை. ஆறைத் திறந்தால் அது செத்துப்போகிறது, அதைத் திறந்தால் ஆறு செத்துப்போகிறது, இரண்டையும் திறந்தால் மொத்தப் பெட்டியும் செத்துப்போகிறது. இதற்கு 'கான்ஃப்ளிக்ட்' என்று பெயர் என்றாள் கார்குழலி. எங்கள் யூனியனில் இரண்டு கோஷ்டி சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளில்கூட கப்பல் வேலை நின்றதில்லை. மனசு ஆறாமல் எதிர்வீட்டு சுயம்புவிடம், "அஞ்சு இருந்த வரிக்கும் நிம்மதியா இருந்தேன்பா, அஞ்சு போனா எல்லாம் போச்சு" என்று புலம்பினேன். சமையலறையிலிருந்து உன் அத்தை கரண்டியோடு வந்தாள். "யாருய்யா அவ அஞ்சு? ஹார்பர்ல கூட வேல செஞ்சவளா? எத்தினி வருசமா நடக்குது?" என்றாள். விளக்கம் சொன்னேன். நம்பவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு கிடையாது. இதுவும் உன் கணக்கில்தான் சேரும்.

சோறு போனால் போகிறது. இதற்கெல்லாம் நான் கடிதம் எழுதுகிறவன் இல்லை. கார்குழலி விஷயத்துக்கு வருகிறேன், ஒழுங்காக உட்கார்ந்து படி. ஹார்பருக்குள்ளே கன்டெய்னர் வேலை பார்க்கிற ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுப்பதாக ஜனவரி இருபதாம் தேதி பேப்பரில் வந்ததாக சுயம்பு சொன்னான். பி.காம். படித்திருக்க வேண்டும், இன்டர்நெட்டில்தான் அப்ளிகேஷன் போட வேண்டும், முப்பத்தொன்றாம் தேதி கடைசி. நான் முப்பத்திரண்டு வருஷம் அந்த ஹார்பரில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டினவன். ஆபீஸ் கட்டிடத்து வாசப்படியில் நின்று கையெழுத்து வாங்கியிருக்கிறேனே தவிர, உள்ளே நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. என் பொண்ணு உட்காரணும். ஃபேனுக்குக் கீழே உட்காரணும். "நீ ஒண்ணும் பண்ண வேணாம், நைனா போட்றேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ரிடயர் ஆகி இரண்டு வருஷத்தில் நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது ஒன்றுதான்.

பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். பேர், படிப்பு, பிறந்த தேதி, தகப்பன் பேர். தகப்பன் தொழில் என்று ஒரு கட்டம். வின்ச் டிரைவர் என்று போட்டேன். கீழே இருந்த பட்டனை அமுக்கினேன். 'இந்த புரோகிராம் இல்லீகல் ஆப்பரேஷன் செய்துவிட்டது, மூடப்படும்' என்று இங்கிலீஷில் எழுதிக்காட்டிவிட்டு எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. உன் அத்தைக்கு அதில் இல்லீகல் மட்டும் புரிந்தது. "இன்னாயா பண்ணித் தொலச்ச? போலீசு வருமா?" என்று ஜன்னலைச் சாத்தினாள். திரும்பவும் முதலிலிருந்து தட்டினேன். திரும்பவும் இல்லீகல். நாலு தடவை, வல்லரசு. பேர் போடும்போது சும்மா இருக்கிறது, படிப்பு போடும்போது சும்மா இருக்கிறது, என் தொழிலைப் போட்டு அமுக்கினதும் இல்லீகல் என்கிறது. அதில் இல்லீகல் என்னப்பா இருக்கிறது? ஒரு மூட்டையைக் கீழே போட்டிருப்பேனா நான்? இந்தத் தப்பைப் பற்றித் தகவல் அனுப்பட்டுமா என்று கடைசியில் ஒரு கேள்வி வேறு கேட்டது. அனுப்பு என்று அமுக்கினேன். மனு கொடுத்தால் ஆள் வரும் என்று நம்பின காலத்து ஆள் நான். யாராவது வந்து பார்ப்பார்கள் என்று இரண்டு நாள் சட்டையைக் கழற்றாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கேஸ் சிலிண்டர்காரன்தான் வந்தான்.

இருபதாம் தேதி, முதல் இல்லீகல் வந்தபோதே கார்குழலி, "வுடு நைனா, முக்குல அஜீசாக்கா பிரவுசிங் சென்டர் கீதுல்ல, அங்க போட்டுக்கலாம்" என்றாள். கத்திவிட்டேன். வீட்டில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஊரான் பெட்டியில் போய் என் பொண்ணுக்கு அப்ளிகேஷன் போடுவதா? அவள் போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

இருபத்தெட்டாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன், சிரித்தாயென்றால் பெங்களூருக்கே வந்து உதைப்பேன். அன்று இன்டர்நெட்டுக்குள்ளேயே போக முடியவில்லை. திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. இங்கிலீஷில், 'போர்ட் டிஸ்கனெக்ட் ஆகிவிட்டது' என்று இருந்தது. போர்ட் என்றால் எங்கள் ஹார்பர்தானே. நான் கேட்கிறது போர்ட்டுக்குள்ளே வேலை, பெட்டி சொல்கிறது போர்ட் கட் ஆகிவிட்டது என்று. ஸ்டிரைக்கா, விபத்தா, அந்தக் கம்பெனியை வெளியே அனுப்பிவிட்டார்களா? பேப்பரும் படிக்க வழியில்லை, கட்டம் கட்டமாக இருக்கிறது. சட்டைதான் ஏற்கனவே போட்டிருந்தேனே, அப்படியே பஸ் பிடித்து ஹார்பர் கேட்டுக்குப் போய் நின்றேன். என்னோடு வேலை பார்த்த ஜாபர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஜாபரு, போர்ட்டு கட்டாயிடுச்சாமே, மெய்யா?"

"இன்னா மாமு சொல்ற? தோ கப்பல் நின்னுகினு கீது, கிரேன் ஓடிகினு கீது. கட்டாயி எங்க போவும்?"

"எங்க வூட்டு கம்ப்யூட்டர்ல போட்டுகீறான்பா!"

கேட்டில் இருந்த பத்து பேரும் சிரித்தார்கள். ஜாபர் சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, "வெய்யில்ல சுத்தாத மாமு, வூட்டுக்குப் போய் படு" என்றான். அதுதான் எனக்கு ரொம்பவும் பேஜாராகிவிட்டது. வீட்டுக்கு வந்து கேட்டால், போர்ட் என்பது பெட்டிக்குப் பின்னால் ஒயர் சொருகுகிற பொந்து என்கிறாள் கார்குழலி. உன் ஆறு, தன் இஷ்டத்துக்கு போன் லைனைப் பிடித்துக்கொண்டு அந்தப் பொந்தை அடைத்துவிட்டதாம். முப்பத்திரண்டு வருஷம் நான் ரத்தம் சிந்தின இடத்தின் பெயரை ஒரு பொந்துக்கு வைத்திருக்கிறார்கள், அது கட் ஆனதற்கு நான் போய் ஊர் முன்னால் பைத்தியக்காரனாக நின்றிருக்கிறேன்.

முப்பத்தொன்றாம் தேதி காலையிலிருந்து நான் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்று தடவை உள்ளே போனேன், மூன்று தடவையும் பாதியில் உறைந்துபோனது. மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அஞ்சு மணிக்கு 'கடைசி நேரம் முடிந்தது' என்ற பக்கம் மட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல் அழகாக வந்தது பார். கார்குழலி பின்னால் நின்று படித்துவிட்டு, "பரவால்ல வுடு நைனா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அழவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி குறைந்திருக்கும்.

ஆகவே சொல்கிறேன், வல்லரசு. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிடுங்கிவிட்டு, ஓடாததை வைத்து, அதற்கு முன்னேற்றம் என்று பேர் வைத்து, அது முடிகிற வரைக்கும்கூட நிற்காமல் ரயிலேறிப் போகிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது? இனி இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே. மிதித்தால் கை கால் கழுவிக்கொண்டு தின்னுவதைத் தின்றுவிட்டுப் போ, பெட்டிப் பக்கம் போகாதே. மாமன் உறவு வேறு, பிரவுசர் வேறு என்று நான் பெரிய மனசு பண்ணுகிற நாள் வரும், இப்போது வரவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். உன் அத்தை உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன், அது அவளுடையது. நான் கும்பிடுகிற புத்தர் எனக்குக் கொடுத்திருந்த பொறுமையை எல்லாம் நீ அன்று சிடியில் போட்டுக்கொண்டு போய்விட்டாய், அதை வைத்தாவது நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும் மாமன்,
சுப்பராயன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது தபால்காரர் வந்தார். கார்குழலிக்கு அந்தக் கம்பெனியிலிருந்து இன்டர்வியூ கடிதம். எப்படி வந்தது என்று அவளைக் கேட்டேன். இருபத்தோராம் தேதியே உனக்குப் போன் பண்ணினாளாம், நீ பெங்களூரில் உன் ஆபீஸ் பெட்டியிலிருந்து அப்ளிகேஷனைப் போட்டுவிட்டாயாம். தகப்பன் தொழில் வின்ச் டிரைவர் என்றுதான் போட்டாயாம். ஒரு இல்லீகலும் வரவில்லையாம். ஏனென்றால் உன் ஆபீஸில் இன்னும் அஞ்சுதானாமே, கலீஜ் பயலே!

"பத்து நாளா நா மாரடிச்சிகினு கீறேன், சொல்லக்கூடாதாம்மா?" என்று அவளைக் கேட்டேன். "ரிடயராயி இத்தினி நாளா மோட்டுவளயப் பாத்துகினு இருந்த. எனக்கோசரம் ஒக்காந்து எதையோ செஞ்சிகினு கீறன்னு பாக்க நல்லா இருந்துச்சு. எப்பிடி நைனா சொல்றது?" என்றாள்.

மேலே எழுதினது எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே, தாள் வீணாகக்கூடாது என்றுதான் அப்படியே அனுப்புகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த அஞ்சைத் திரும்பப் போட்டுக் கொடு. உன் அத்தை மீன் வாங்கிவைப்பாள். தேர்வானவர்கள் லிஸ்டும் இன்டர்நெட்டில்தான் வருமாம். அதையாவது நான்தான் முதலில் பார்க்கணும். நீ உன் ஆபீஸில் பார்த்துவிட்டாலும், அவளுக்குப் போன் பண்ணாமல் இரு.