ஒற்றை மரத்துக் கடோலினியம்

கணினித் திரையில் மண் மாதிரியிலிருந்த மற்ற அருமண் தனிமங்களின் அளவெல்லாம் ஒழுங்காக நிற்க, கடோலினியம் மட்டும் எகிறிப் போயிருந்தது.

"அமிலத்துல கலப்பு இருக்கும், செல்வப்பிரியா" என்றார் ஆய்வு வழிகாட்டி அன்னமேரி டீச்சர்.

ஆய்வு மாணவி செல்வப்பிரியா புது அமிலத்தில் மண்ணைக் கரைத்தாள். இன்னும் கொஞ்சம் ஏறியது. அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் அந்தக் கருவியின் குழாய்களைக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டினாள். இறங்குவதாக இல்லை.

மண், பெருமாட்டியில் அவள் மாமா ஆறுமுகசாமியின் தோப்பில், ஒரு தென்னைக்கடியில் நேற்று மாலை எடுத்தது. போன் போட்டாள்.

"மாமா, அந்த மரத்துக்கு உரம் ஏதாச்சும் போட்டீங்களா?"

"எருகூடப் போடலியே கண்ணு. ஏன்?"

"அபூர்வமான உலோகம் காட்டுதுங்க மாமா. சாயந்திரம் வந்து திரும்ப மண்ணெடுக்கறேன். அதுவரைக்கும் அங்க ஆரையும் விடாதீங்க."

"நானே காவல் இருக்கறேன். நீ வெசனப்படாத."

கயிற்றுக் கட்டிலை மரத்தடிக்கே தூக்கிக்கொண்டு போனார். தேங்காய் பறிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பினார். சாப்பாடும் அங்கேயே.

காவல் காத்த மண் இரண்டு மடங்கு காட்டியது. பக்கத்து மரத்தடியில் ஒன்றுமே இல்லை. செல்வப்பிரியா கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டாள். தோப்பில் யாரோ மரத்துக்குப் பொட்டும் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் டீச்சரே ஜீப்பில் வந்து இறங்கினார். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது இயற்கையில தனியா வராதே. லாந்தனம், சீரியம்னு குடும்பத்தோடதான் வரும்."

"எங்க தோப்புல தனியாத்தான் வருமுங்க" என்றார் ஆறுமுகசாமி பெருமையாக.

"இந்த உலோகத்துக்குப் பேரென்னங்க டீச்சர்?" என்று கேட்டாள் மோர் கொண்டுவந்த அத்தை பெரியம்மாள்.

"கடோலினியம்."

பெரியம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"திங்கக்கெழம கோயமுத்தூர்ல இவருக்கு முதுகு ஸ்கேன் எடுக்கறப்ப ஊசியில ஏத்துனாங்களே, அதுங்களா? எல்லாம் ஒண்ணுக்குலயே போயிருமுன்னு டாக்டர் சொன்னாருங்க. இவரு எந்தக் காலத்துல கக்கூஸுக்குப் போனாரு, எப்பவும் அந்த மரந்தான்."