மாட்டு டாக்டரைக் காட்டிக் கொடுத்த கதை

ஒரு புத்தகத்தை மனமார இகழ விரும்புகிறவர் அதைப் படிக்காமல் இருப்பதே அவருக்கு நல்லது. படித்துவிட்டால் இகழ்ச்சி கூர்மையாகிவிடும். கூர்மையானது பிடித்திருக்கிறவன் கையையும் அறுக்கும். இந்த உண்மையை நான் எழுபதைக் கடந்தபின், சாம்பியன் ரீப்ஸ் என்னும் எங்கள் தங்கச் சுரங்க ஊரின் பஜனைக்கூடத்தில், ஊரார் முன்னிலையில் கற்றுக்கொண்டேன்.

என் மருமகள் மஞ்சுளா நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்பவள். அந்த ரயில் பெட்டியில் அவளுக்கொரு கூட்டம் உண்டு. பெட்டி முழுவதும் சுவீடன், நார்வே முதலிய பனிநாட்டுக் கொலைக்கதைகளைக் கைமாற்றிப் படிக்கிறது. அக்கதைகளின் இலக்கணம் எளிது. துப்பறிபவருக்கு மனைவி இல்லை, இருந்தாள், போய்விட்டாள். மகள் அவரோடு பேசமாட்டாள். அவர் காப்பி குடிப்பார். சன்னல் வழியே பனியைப் பார்ப்பார். மறுபடியும் காப்பி குடிப்பார். நூறு பக்கம் இவ்வாறு கழிந்தபின் உறைந்த ஏரிக்குள் ஒரு கை தெரியும். (அதுக்குள்ள நம்ம ஊர்ல காரியமே முடிஞ்சி, மோர் கொடுத்து அனுப்பியிருப்பாங்க.)

ஞாயிறு மாலைதோறும் பஜனைக்கூடத்தில் நாங்கள் சிலர் பதிகங்கள் ஓதுவது வழக்கம். மாதத்தின் கடைசி ஞாயிற்றைத் திரைப்படத்துக்குத் தர வேண்டுமென்று மஞ்சுளாவின் கூட்டம் கேட்டது. முதலாவதாக, அவர்கள் படித்து முடித்திருந்த ஒரு பனிக்கொலையின் திரை வடிவம். இறைவன் பெயர் ஒலித்த சுவரில் பிணத்தைக் காட்டுவதா என்று நான் சீறினேன். கூடத்தின் பொறுப்பாளர் கோவிந்தசாமி ஒரு வழி சொன்னார்.

"படம் போடறதுக்கு முன்னாடி அய்யா பேசட்டும். பேசினப்புறம் எல்லாரும் கையத் தூக்குங்க. வேணாம்னா வேணாம். வேணும்னா மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை படத்துக்கு."

என் ஞாயிறுகளின் கதி ஊரார் கையில் ஊசலாடியது.

அந்தப் புத்தகத்தை விரலாலும் தீண்டியதில்லை என்று ஊரெங்கும் சொல்லி வைத்திருந்தேன். சொன்னபோது அது உண்மைதான். பிறகு, குற்றங்களை எடுத்துக்காட்டக் கண்டிப்பாகப் படித்தாக வேண்டும் என்று தோன்றியது. மருமகள் வேலைக்குப் போன பிற்பகல்களில் அருவருப்போடு படித்தேன். (அருவருப்புல சோறு ஆறிப்போனதுகூடத் தெரியல.) கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் யாரென்று தெரிந்தது. அவ்வூர்க் கால்நடை மருத்துவன். என் கையில் ஓர் ஆயுதம் கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தேன்.

இங்கே என் அறியாமையைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் ஓதும்போது ஒரு குறில் நெடிலானால்கூட நிறுத்தி, முதலிலிருந்து தொடங்குவோம். பண் மாறலாம், சொல் மாறாது. நூலைப் படமாக்குவதும் அத்தகையதே என்று நம்பினேன். எழுதியவன் ஒன்று சொல்ல, எடுப்பவன் வேறொன்று காட்டுவான் என்பது என் கற்பனைக்கு எட்டவில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. பக்தியின் பெருமையைச் சொன்னேன், கொட்டாவி விட்டார்கள். பனிநாட்டாரின் சிறுமையைச் சொன்னேன், கைப்பேசியைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவர் பொரி கொறிக்கத் தொடங்கியதும் என் பொறுமை போயிற்று.

"எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? கொலைகாரன் அந்த மாட்டு டாக்டர்! தெரிந்துவிட்டதல்லவா? வீட்டுக்குப் போங்கள்!"

முன்வரிசையிலிருந்து ஏழுமலை எழுந்தான். என்னோடு பல்லாண்டாகப் பதிகம் ஓதுபவன். சுரங்கத்தில் வேலை பார்த்தவன். குரலைத் தாழ்த்தத் தெரியாதவன்.

"இன்னாண்ணே, விரலால தொடலன்னு சொன்னீங்க. கொலகாரன் வரிக்கும் போய்ட்டு வந்துகிறீங்களே?"

"இவரே முழுசா படிச்சிகிறாருன்னா கதை சூப்பராத்தான் இருக்கும்டி" என்றாள் ஒருத்தி.

சிரிப்பு அடங்குவதற்குள் படம் வேண்டுவோரைக் கை தூக்கச் சொன்னார் கோவிந்தசாமி. கூடமே கை தூக்கியது. ஏழுமலையின் கை எல்லாவற்றிலும் உயரம்.

"இன்னாண்ணே பண்றது? எப்டி மாட்றான்னு பாக்க வாணாமா?"

மருமகள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ புன்னகையோடு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பேசி முடிச்சிட்டீங்களா மாமா? வாங்க, முன்னாடி உக்காருங்க."

அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. எனினும் எழுந்து போனால் தோல்வி, அமர்ந்தேன்.

படம் ஒரே இருட்டு. "சுரங்கத்துல கேஜ்ல இறங்குன மாதிரி கீது, லைட்டு போடச் சொல்லுங்கண்ணே" என்று ஏழுமலை முனகினான். மாட்டு டாக்டர் தோன்றும்போதெல்லாம் கூடம் விழித்துக்கொண்டது. "தோ வர்றான்!" என்றனர். அவன் கன்றுக்குட்டியைத் தடவிக் கொடுத்தான். "நடிக்கிறான் பாரு, திருட்டுப்பய!" என்றனர். நான் மூதறிஞனைப்போல் தலையசைத்தேன்.

பாதிப் படத்தில் ஏரியின் பனியை உடைத்து ஒரு பிணத்தை வெளியே இழுத்தார்கள். புரட்டிப் போட்டார்கள். மாட்டு டாக்டர்.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின.

"அய்யா, உங்க கொலகாரன் செத்துட்டானே!"

நான் எழுந்து நின்றேன். "இது தவறு. நூலில் அவன் சாகவில்லை!"

"படத்துல செத்துட்டான் அய்யா" என்றார் கோவிந்தசாமி.

"அப்படியானால் படம் பிழை! நிறுத்துங்கள்! முதலிலிருந்து போடுங்கள்!"

"உக்காருங்க அய்யா, பின்னாடி மறைக்குது!"

கொலைகாரி ஊர்த் தபால்காரியாம். நூலில் அவள் ஒரே ஒரு பக்கத்தில் வந்து, குளிருகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறவள். கூடம் கைதட்டி ஆரவாரித்தது. ஒருவர்கூட அவளைச் சந்தேகிக்கவில்லை. எல்லாரும் என் சொல்லை நம்பி மாட்டு டாக்டரையே கண்காணித்திருந்தார்கள்.

"நான் முன்னாடியே பாத்துட்ட படம் மாமா" என்றாள் மஞ்சுளா. "நீங்க சொல்லலன்னா பாதியிலேயே அவளைக் கண்டுபிடிச்சிருப்பாங்க. ரொம்ப தேங்க்ஸ்."

வீடுவரை அந்தப் படமெடுத்தவர்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஒரு கொலையைக்கூட உள்ளபடி ஓதத் தெரியாதவர்கள்! நான் இகழ்ந்த நூலுக்காக நானே வழக்காடுகிறேன் என்பது வாசலுக்கு வந்தபின்தான் உறைத்தது.

கடைசி ஞாயிறு இப்போது அவர்களுடையது. படம் தொடங்குமுன் யார் மீது சந்தேகம் என்று என்னைக் கேட்கிறார்கள். நான் காட்டும் ஆளை அக்கணமே நிரபராதியாக்கி விடுகிறார்கள். வீட்டில் இன்னும் மோசம். ரயில் தாமதம் என்றாலும், குழம்பில் உப்பில்லை என்றாலும், "புத்தகத்துலயா மாமா, படத்துலயா?" என்று கேட்கிறாள் மருமகள்.

சென்ற மாதம் சர்க்கரை வியாதிக்காக டாக்டரிடம் அழைத்துப் போனாள். இனிப்பை அறவே விட்டுவிட்டேன் என்று நான் உறுதியாகச் சொன்னேன்.

மஞ்சுளா வாயே திறக்கவில்லை. டாக்டர்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புத்தகத்துலயா அய்யா, படத்துலயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.