டிக்கியில் ஒரு பிளாஸ்திரி

"பொட்டப் புள்ளைக்கு ஒயரு இன்னாத்துக்கு? கையில கரண்டிய குடு மாமா" என்று என் அப்பாவிடம் சொன்னவர் என் தாய்மாமா. இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் பார்த்த முதல் ஆள் நான். அதற்கு மேல் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா வேறு. (கடைக்குப் போகும்போதுகூட டெஸ்டரைக் கையில் வைத்திருப்பேன். அவ்வளவு திமிர்.) அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அனுப்பவே கூடாது என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். அப்பா ஒரு தீர்ப்புச் சொன்னார்: "சித்தப்பா மவன் கல்யாணத்துக்கு மாமா கார்ல நீயே பாட்டு செட் மாட்டு. நல்லா பாடிச்சின்னா வேலைக்குப் போ."

ஆம்ப்ளிஃபையரின் முதுகிலேயே எழுதியிருந்தது: ஒரு பக்கத்துக்கு மின்தடை நாலு ஓமுக்குக் குறையக் கூடாது. மாமா வாங்கி வந்த நாலு ஸ்பீக்கரும் தலா நாலு ஓம். பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றின் வாலில் அடுத்ததன் தலையைக் கோத்தேன். எட்டு ஓம். சத்தம் கொஞ்சம் குறையும்; எதுவும் எரியாது. அப்பாதான் டார்ச் பிடித்தார்.

"இன்னா பாப்பா, கொசு பாடற மாதிரி கீது?"

"இதுக்கு மேல சத்தம் வெச்சா எரிஞ்சுடும் மாமா."

"ஆமா, இவ சொல்ட்டா."

மாப்பிள்ளை அழைப்பு கள்ளிக்குப்பத்தில் கிளம்பியதும் பாட்டு தெருவையே அதிரவைத்தது. (எல்லாம் என் கைவேலை என்று நிமிர்ந்து நடந்தேன், முட்டாள்.) முக்குத் திரும்பியதும் பாட்டு இருமியது. டிக்கியிலிருந்து புகை.

"பாத்தியா மாமா!" என்று அப்பாவிடம் கத்தினார் தாய்மாமா. "இவள அனுப்பினா கம்பெனியவே கொளுத்திட்டு வருவா!"

பட்டுப்புடவையோடு டிக்கிக்குள் பாய்ந்தேன். என் கோர்வையைப் பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் நேராக ஆம்ப்ளிஃபையரோடு முறுக்கியிருந்தது. "இப்படிக் கட்டினா ரெண்டு ஓம்தான் வரும்! தாங்க முடியாத அளவுக்குக் கரண்ட் இழுக்கும்!" என்று தலையை உள்ளே விட்டபடி ஊருக்கே பாடம் எடுத்தேன். பெட்ரோமாக்ஸ் தூக்கி வந்தவர் மட்டும் "ஓகோ" என்றார்.

அப்பா எட்டிப் பார்த்தார். நான் ஒட்டியது கறுப்பு டேப். இப்போது முறுக்கிய இடமெல்லாம் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. அவர் திரும்பி மாமாவின் கையைப் பார்த்தார்.

"மச்சான், உன் கட்ட வெரல்ல கீறதுதான் ஒயர்லயும் கீது."

"சவுண்டு பத்தல மாமா... பொண்ணூட்டுக்காரங்க இன்னா நெனைப்பாங்க?"

ஒரு மன்னிப்பு? கிடையாது. திங்கட்கிழமை அப்பாவே சைக்கிளில் என்னைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டார். ஆனால் கல்யாண ஆல்பத்தில், மாலையோடு நிற்கும் மாப்பிள்ளைக்குப் பின்னால் டிக்கியிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பவை என் இரண்டு கால்கள். வருகிறவர்களிடமெல்லாம் மாமா அதைத்தான் காட்டிச் சிரிக்கிறார். அவர் கட்டை விரல் எந்தப் படத்திலும் இல்லை.

போன வாரம் புது ஆம்ப்ளிஃபையரோடு வந்தார். "நீயே மாட்டு பாப்பா." மாட்டினேன், பக்கத்துக்கு எட்டு ஓம். மேலே ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் பூட்டும் போட்டுவிட்டேன். சாவி என் சாப்பாட்டுப் பையில் தினமும் கம்பெனிக்கு வருகிறது.